கஸ்பார் வண்டித் தண்ணீர்

“பாட்டில்ல வந்தா பரவால்லீங்கண்ணா, பக்கெட்ல வருது. நா மெக்கானிக்கா, போர் போடறவனா?”

“கத்தாதடா காளி. தெருவே பாக்குது.”

“பாக்கட்டுமே. டேங்கு நாப்பத்தஞ்சு லிட்டரு. காத்தாலருந்து நூத்தி முப்பது லிட்டரு தண்ணி எறக்கியிருக்கறேன், டீசல் ஒரு சொட்டு இல்ல. எங்கருந்து வருதுன்னு நீங்களே சொல்லுங்க.”

“எனக்குத் தெரிஞ்சா உன்ன எதுக்குடா கூப்புடப் போறேன்?”

2022இல் தவக்காலத்தின் இரண்டாவது வெள்ளிக்கிழமை, இண்டூரை ஒட்டிய அந்தோணியார் தெருவில் இந்தச் சண்டை நடந்தது. மெக்கானிக் காளியப்பன் சொன்ன அளவு சரிதான். எதிர் வீட்டு சுகுணா மொட்டை மாடியில் துணி காயப்போடும் சாக்கில் பதிமூன்று பக்கெட்டுகளை எண்ணியிருந்தாள். பக்கெட் பத்து லிட்டர் பிடிக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும், ஏனென்றால் அது அவளுடைய பக்கெட். அன்று இரவலாகப் போனது இன்னும் திரும்பவில்லை.

வண்டிக்காரர் கஸ்பாருக்கு அப்போது ஐம்பத்தோரு வயது. அதில் முப்பது வருடம் தக்காளி மண்டியில் கூடை தூக்கியவர். மண்டியில் அவரை எல்லோரும், அவரைவிடப் பாதி வயதுள்ளவர்கள்கூட, “ஏ கஸ்பாரு” என்றுதான் கூப்பிடுவார்கள். ஐந்தாம் கை மாறி வந்த ஒரு டீசல் பிக்கப்பை வாங்கி, நாற்பத்தாறு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு, முதல் லோடை மண்டி வாசலில் கொண்டுபோய் நிறுத்தியபோது, அதே ஆட்கள் “டிரைவரே, கொஞ்சம் பின்னாடி எடுங்க” என்றார்கள். அந்த ‘ங்க’வைக் கேட்டுவிட்டு மனுஷர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி பாக்கியமேரி சொல்லியிருக்கிறாள். வண்டி நின்றால் அவருக்குப் போவது வண்டி மட்டும் இல்லை. தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்துதான் மற்றதெல்லாம் நடந்தது.

முதலில் அது சாதாரண நோயாகத்தான் இருந்தது. லோடு ஏற்றிக்கொண்டு பாலக்கோடு போகும்போது பாதி வழியில் இன்ஜின் இரண்டு விக்கல் விக்கி நின்றுவிடும். சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் நன்றாகவே சுற்றும், இன்ஜின்தான் எடுக்காது. கால் மணி நேரம் ரோட்டோரம் நின்று பார்த்தால் எடுத்தாலும் எடுக்கும். காளியப்பன் வந்து, வண்டிக்கு அடியில் படுத்து, டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்துவிட்டு, “ஏர் வாங்குதுங்கண்ணா” என்றான். குழாயில் மயிரிழை விரிசல். டீசலோடு காற்றும் சேர்ந்து போனால் இன்ஜின் மூச்சு முட்டி நின்றுவிடும். குழாயையும் இரண்டு வாஷரையும் மாற்றினான். புதன்கிழமை வண்டி சரியாகிவிட்டது. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டியது.

ஆனால் பாக்கியமேரி அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையே, வண்டி அடிக்கடி நின்றுபோகிறது என்று கோயிலில் பங்குச் சாமியாரிடம் முறையிட்டிருந்தாள். சாமியார் கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர், வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அரை லிட்டர் பாட்டிலில் மந்திரித்த தீர்த்தத்தைக் கொடுத்து, “வண்டிக்குக் கொஞ்சம் தீர்த்தம் விடுங்கம்மா, எல்லாம் சரியாகும்” என்றார். இங்கே தீர்த்தம் என்றால் தெளிப்பார்கள். விடுவது என்றால் வேறு. விளக்குக்கு எண்ணெய் விடுவோம், கண்ணுக்கு மருந்து விடுவோம். பாக்கியமேரி வியாழக்கிழமை காலை, புருஷன் குளிக்கப் போன நேரம் பார்த்து, டீசல் டேங்கின் மூடியைத் திறந்து பாட்டிலைக் கவிழ்த்து விட்டாள். மூடியைத் திருகிவிட்டு நெற்றியில் சிலுவையும் போட்டுக்கொண்டாள். இதை மாடியிலிருந்து முழுசாகப் பார்த்தவள் சுகுணா. பார்த்தவள் பன்னிரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. பிறகு கேட்டதற்கு, “என்ன யாரு கேட்டாங்க?” என்றாள். நியாயம்தான்.

அந்தப் பன்னிரண்டு நாளும் காளியப்பன் செய்யாத வைத்தியம் இல்லை. டீசல் ஃபில்டருக்கு அடியில், கலந்து வரும் தண்ணீரை இறக்கிவிட ஒரு சின்னத் திருகு உண்டு. அதைத் திறந்தான். சாதாரணமாக அரை டம்ளர் வரும் இடத்தில் பக்கெட் பக்கெட்டாக வந்தது. டேங்கைக் கழற்றிக் கழுவி, வெயிலில் காயவைத்து, புது டீசல் ஊற்றினான். பால் சொசைட்டி வரை ஓடி நின்றது, திறந்தால் தண்ணீர். வேறு வண்டியின் டேங்கை மாட்டினான், அதிலும் தண்ணீர். கடைசியில் டேங்கே வேண்டாம் என்று கேபின் கூரையில் ஒரு வெள்ளைக் கேனைக் கட்டி, அதிலிருந்து நேராக ஃபில்டருக்குக் குழாய் விட்டான். கேனில் ஊற்றியபோது மஞ்சளாக இருந்த டீசல், ஊர் பார்க்கப் பார்க்க, மேலிருந்து கீழே நிறம் வெளுத்துப் போனது. அன்றைக்குத்தான் மேலே சொன்ன சண்டை. சண்டைக்கு நான்கு நாள் கழித்து, மாவு அரைக்கப் போன இடத்தில், சுகுணா போகிற போக்கில் பாட்டில் விஷயத்தைச் சொன்னாள். மாவு அரைபட்டு முடிவதற்குள் செய்தி கஸ்பார் வீட்டுக்கு வந்துவிட்டது.

“டேங்கிலயாடி ஊத்துவ?”

“பாதர்தான் விடச் சொன்னாரு.”

“விடச் சொன்னா?”

“பின்ன, விடறதுன்னா வேற என்னவாம்? நீங்கதான் சொல்லுங்களேன்.”

ஈஸ்டர் வரை கஸ்பார் அவளோடு பேசவில்லை. தவக்காலத்தில் ஒருவர் கறியை விடுவார், ஒருவர் பீடியை விடுவார், கஸ்பார் பேச்சை விட்டார் என்று தெருவில் சொல்லிக்கொண்டார்கள். சாமியார் மிகவும் சங்கடப்பட்டார். தெளிக்கத்தான் சொன்னதாகவும், தன் ஊரில் எல்லோருக்கும் அது புரியும் என்றும் சொன்னார். ஆசீர்வாதப் புத்தகத்தை எடுத்து முழுக்கப் புரட்டினார். வண்டியை ஆசீர்வதிக்க ஒரு பக்கம் இருந்தது. கிணற்றுக்கு, விதைக்கு, மாட்டுக்கு, புது வீட்டுக்குக்கூட இருந்தது. கொடுத்த ஆசீர்வாதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள மட்டும் பக்கம் இல்லை. மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். பண்டிகை வேலைகள் முடிந்ததும் பார்க்கலாம் என்று பதில் வந்தது, அதற்குப் பிறகு மூன்று பண்டிகைகள் வந்துபோயின. ஆக, நோய் என்ன என்று தெரிந்துவிட்டது, எதனால் வந்தது என்றும் யாரால் வந்தது என்றும் தெரிந்துவிட்டது. வண்டி மட்டும் நின்ற இடத்தில் நின்றது.

அந்தத் தண்ணீரை முதலில் குடித்தது மேலத் தெரு செல்லம்மாளின் எருமை. வண்டிக்குப் பக்கத்தில் கிடந்த பக்கெட்டில் வாயை வைத்த எருமை, அன்று சாயந்தரம் வீட்டுத் தொட்டித் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. செல்லம்மாள் சந்தேகப்பட்டு வந்து ஒரு கை அள்ளிக் குடித்தாள். டீசல் வாடை இல்லை, உப்பு இல்லை, கரிப்பு இல்லை. நம் ஊர் போர் தண்ணீரைக் குடித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு முன்பல்லில் காவிக் கோடு விழுந்திருக்கும், போட்டோ எடுக்கும்போது யாரும் வாயைத் திறந்து சிரிக்க மாட்டார்கள். குழாயில் வரும் நல்ல தண்ணீரோ எட்டு நாளைக்கு ஒரு தடவை. ஈஸ்டர் திங்கட்கிழமை காலை, கஸ்பார் வீட்டு முன்னால் பதினேழு குடம் வரிசையில் இருந்தது. ஆடி மாதத்துக்குள் இரண்டு தெருவிலும் பிள்ளைகளின் பல்லில் கோடுகள் மறைந்துபோயின. செல்லம்மாளுக்கு அறுபது வயதில் பல் முத்து மாதிரி ஆகிவிட்டது. அவள் அதன் பிறகு காரணமே இல்லாமல் சிரிக்க ஆரம்பித்தாள்.

தண்ணீர் சும்மா வராது. சாவியைத் திருப்பி, செல்ஃப் சுற்றினால்தான் வரும். கஸ்பார் தினமும் காலை ஐந்தரைக்கு வண்டியில் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து பார்ப்பார். அவர் பார்ப்பது வண்டி எடுக்கிறதா என்று, தெரு பார்ப்பது ஃபில்டர் திருகில் மாட்டி வெளியே விட்டிருந்த பச்சைக் குழாயை. பால் சொசைட்டியிலிருந்து ஒயர் இழுத்து பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார்கள். ஒருமுறை கஸ்பார் காய்ச்சலில் படுத்துவிட, சொசைட்டி செயலாளர் அன்பு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். செல்ஃப் சுற்றியது, ஒரு சொட்டு வரவில்லை. பாக்கியமேரி திருப்பினாள், வரவில்லை. கஸ்பாரையே போர்வையோடு கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அவர் “இது எங்க எடுக்கப் போவுது” என்று முனகிக்கொண்டே திருப்பினார், அப்போதும் வரவில்லை. வரிசையில் முதல் ஆளாக நின்ற சுகுணாவுக்குத்தான் மூளை வேலை செய்தது.

“டிரைவரே, சத்தம் மாறுதுங்க. இன்னிக்கு எடுத்துரும் போல இருக்குது.”

கஸ்பார் போர்வையை உதறினார். காலை ஆக்சிலேட்டரில் வைத்து, ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினார். பச்சைக் குழாய் துள்ளி எழுந்து முதல் குடத்தைக் கவிழ்த்துவிட்டது, அவ்வளவு வேகம். வண்டி எடுத்துவிடும் என்று அவர் நிஜமாக நினைத்தால்தான் தண்ணீர் என்பதைத் தெரு அன்றைக்குப் புரிந்துகொண்டது. யாரும் அதை வாய்விட்டுப் பேசவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள்.

காளியப்பனுக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஆவணியில் ஒரு நாள் வந்து, வண்டியின் படியில் உட்கார்ந்து சொன்னான். “அண்ணா, உங்கள வெச்சு எல்லாரும் தண்ணி எறைக்கறாங்க. இந்த வண்டி ஓடாதுங்க. நா சொல்றேன், ஓடாது. எடைக்குப் போட்டுட்டு, எங்கியாச்சும் லோடு வண்டிக்கு டிரைவராப் போயிருங்க. இன்னும் வயசு இருக்குது.” கஸ்பார் தலையை ஆட்டினார். மறுநாள் தண்ணீர் இல்லை. ஒன்பது நாள் தண்ணீர் இல்லை. கஸ்பார் ஓசூருக்கு ஃபோன் போட்டு டிரைவர் வேலை விசாரித்ததையும், அவர்கள் வயதைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டதையும் சுகுணா தெருவுக்குத் தெரிவித்தாள். பத்தாம் நாள் ஊர்க்காரர்கள் காளியப்பனின் பட்டறைக்குப் போய், இனிமேல் அந்தோணியார் தெருப் பக்கம் ஸ்பேனரோடு வந்தால் நன்றாக இருக்காது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்தார்கள். அவனுடைய சொந்தக்காரர்களும் கூட இருந்தார்கள். அவர்கள் வீட்டிலும் பல் வெளுத்திருந்தது.

அன்று சாயந்தரமே சேலத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்து இறங்கினார். என்ன சொல்ல வேண்டும் என்று அன்பு பஸ் ஸ்டாண்டிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார். அவர் பானெட்டைத் திறந்து, இரண்டு நட்டைத் தட்டிவிட்டு, “சின்னக் கோளாறுதாங்க, பம்ப் டைமிங் போயிருக்குது. வெச்சுட்டேன். நாளைக்கோ நாளன்னைக்கோ எடுத்துரும்” என்றார். மறுநாள் முப்பது குடம். அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு மெக்கானிக் என்பது ஊர் வழக்கமாகிவிட்டது. ஒருவர் நாசில் என்றார், இன்னொருவர் டேங்க் மூடியில் காற்றுப் போகும் ஓட்டை அடைத்திருக்கிறது என்று குண்டூசியால் குத்திவிட்டுப் போனார். கர்நாடக எல்லைப் பக்கத்திலிருந்து வந்தவர் முழு நேரமும் கன்னடத்திலேயே பேசினார். கடைசியாக அவர் தலையைத் தூக்கி ஏதோ சொன்னதும், “சீக்கிரமே ஓடிரும்னு சொல்றாருங்க டிரைவரே” என்று அன்பு எடுத்துச் சொன்னார். டீ ஆறிப்போய்விட்டது என்றுதான் அவர் சொன்னார் என்பது, வீட்டில் கன்னடம் பேசும் கண்டக்டர் ஒருவர் மூலம் பிறகு தெரிந்தது. அன்று வந்த தண்ணீருக்குக் குறைவில்லை.

கஸ்பாருக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. காலையில் வண்டியை விட்டு இறங்கியதும் அவர் எட்டு மணி பஸ்ஸைப் பிடித்து மண்டிக்குப் போவார். அங்கே மற்றவர்களின் பிக்கப்பில் தக்காளிக் கூடை ஏற்றுவார், மறுபடியும் “ஏ கஸ்பாரு”தான். சாயந்தரம் தெருவுக்குள் நுழைந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் “டிரைவரே, வந்துட்டீங்களா” என்று குரல் வரும், குழந்தைகளுக்குக்கூட அப்படிப் பழக்கியிருந்தார்கள். ஒருநாள் பாக்கியமேரி, இந்த மெக்கானிக்குகள் சொல்வதெல்லாம் பொய் என்று புரியவில்லையா என்று கேட்டேவிட்டாள்.

“பொய்யின்னு தெரியுதுடி. வண்டியில ஏறும்போதுகூட தெரியுது. சாவியக் கையில புடிச்சா மட்டும், ஒருவேள இருக்குமோன்னு வந்துருது. நா என்ன பண்ணட்டும்?”

பாட்டிலைக் கவிழ்த்த கை அவளுடையது.

2023 கோடையில் ஓசூரிலிருந்து லேப்டாப் கொண்டுவந்த மெக்கானிக்கின் பெயர் இனிகோ. லேப்டாப் என்றதும் கஸ்பார் சவரம் செய்துகொண்டார். வண்டியோ லேப்டாப் என்ற ஒன்று நம் ஊருக்கு வருவதற்கு முந்தையது, ஒயரைச் செருக அதில் துவாரமே இல்லை. இனிகோ பேட்டரிக்குப் பக்கத்தில் ஒயரைச் சும்மா வைத்துவிட்டு, திரையைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு டீ கொண்டுவந்த கஸ்பாரின் மகள் ஆக்சிலியாவிடம், தனக்குப் பொய் சொல்ல வரவில்லை, கிளம்பிவிடவா என்று கேட்டான். ஆக்சிலியா தெருவிலேயே அந்தத் தண்ணீரைக் குடிக்காத ஒரே ஆள். தினமும் உப்புத் தண்ணீருக்குப் போர் குழாய்க்கு நடந்து போவாள், பல்லில் காவிக் கோடு அப்படியே இருந்தது. “என்ன சொல்லச் சொன்னாங்களோ அத சொல்லிட்டுப் போயிருங்க. இல்லன்னா எங்கப்பா நைட்டு சாப்புட மாட்டாரு” என்றாள். இனிகோ சொல்லிவிட்டுப் போனான். அடுத்த மாதம் இரண்டு தடவை வந்தான். லேப்டாப் கொண்டுவரவில்லை, சுகுணா அதைக் கவனித்தாள்.

அந்த வருடம் ஐப்பசி மாதம், தூறல் போட்டுக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வண்டி ஸ்டார்ட் ஆனது. யாரும் எதுவும் பழுது பார்க்கவில்லை. கஸ்பார் வழக்கம்போல் சாவியைத் திருப்பினார். ஆறு குடம் நிறைந்து ஏழாவது பாதியில் இருந்தபோது பச்சைக் குழாயிலிருந்து தண்ணீர் நின்று, மஞ்சளாக ஒரு மடக்கு டீசல் வந்தது. இன்ஜின் இரண்டு தடவை இருமியது, வெள்ளைப் புகை விட்டது, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. ஒன்றரை வருடத்துக்கு மேல் அந்தச் சத்தத்தைத் தெரு கேட்டதில்லை, நாய்கள் எழுந்து நின்றன. கஸ்பார் சிரிக்கவில்லை, கும்பிடவில்லை. கிளட்சை மிதித்து முதல் கியரைப் போட்டார். புதைந்திருந்த டயர்கள் மண்ணைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்தன, வண்டி நான்கடி முன்னால் நகர்ந்தது. ரோடு காலியாக இருந்தது. மண்டி திறக்கும் நேரம்.

வரிசை அசையாமல் நின்றது. ஏழாவது குடம் சுகுணாவுடையது. அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, வண்டியோடு நான்கடி நடந்து, திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் நின்றது.

“இன்னும் நாப்பது கொடம் இருக்குதுங்க டிரைவரே,” என்றாள்.

கஸ்பார் அவளைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. சாவியைப் பிடித்து மறுபடியும் திருப்பினார். செல்ஃப் சுற்றியது, இன்ஜின் எடுக்கவில்லை. குழாயில் தண்ணீர் வந்தது. சும்மா வரவில்லை, சுகுணாவின் குடம் நிறைவதற்குள் அடுத்த குடத்தை நீட்ட வேண்டியிருந்தது. மனுஷர் தன் காதால் வண்டி ஓடும் சத்தத்தைக் கேட்டுவிட்டார் அல்லவா. இனி அவருக்கு எந்த மெக்கானிக்கும் பொய் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு நாற்பது குடமும் நிறைந்து, செல்லம்மாளின் எருமைக்கும் ஊற்றி, மிச்சம் சாக்கடையில் ஓடியது. மறுநாளும் அப்படியே. இன்று வரை அப்படித்தான் வருகிறது. இண்டூரிலிருந்துகூடக் கேன் கட்டிக்கொண்டு வருகிறார்கள். டவுன் பஸ் கண்டக்டர் அந்த நிறுத்தத்தை “பிக்கப் தண்ணி, பிக்கப் தண்ணி” என்றுதான் கூவுகிறார்.

காளியப்பன் அந்தப் பொங்கலுக்குள் பட்டறையைக் காலி செய்துகொண்டு அதியமான்கோட்டைக்குப் போய்விட்டான். ஹைவே ஓரத்தில் பஞ்சர் மட்டும் பார்க்கிறான், டீசல் வண்டியின் பானெட்டைத் திறப்பதில்லை. சாமியாருக்குத் தெற்கே மாற்றலானது. சுகுணாவின் மகள் காவியாவை, பல் வரிசையைப் பார்த்துவிட்டு, கோயம்புத்தூரிலிருந்து வந்து கேட்டுக் கட்டிக்கொண்டு போனார்கள். ஆக்சிலியா தை மாதம் இனிகோவைக் கல்யாணம் செய்துகொண்டு ஓசூருக்குப் போனாள். கல்யாணப் போட்டோவில் வாயை மூடிக்கொண்டிருப்பவள் மணப்பெண் மட்டும்தான். எங்களோடு வந்து இருங்கள் என்று அவள் அப்பாவை எத்தனையோ தடவை கூப்பிட்டாள். “வரேம்மா, எதுக்கு பஸ்சுல அலையறது, வண்டி எடுத்துரட்டும், அதுலயே வந்தர்றேன்” என்கிறார் கஸ்பார். மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் பாக்கியமேரிதான் பஸ் ஏறினாள். பிள்ளைக்கு முதல் பிறந்தநாள் கொண்டாடியாகிவிட்டது. அவள் இன்னும் திரும்பவில்லை, சாமான்களையும் ஒவ்வொன்றாக வரவழைத்துக்கொண்டிருக்கிறாள்.